பறவைகளை எதுக்கு எண்ணணும்? காட்கோபர் பூநாரைகளும் சலீம் அலியின் வாழ்க்கையும்

2024 மே 20, திங்கட்கிழமை ராத்திரி. மும்பையில் மக்களவைத் தேர்தல் வாக்குப்பதிவு முடிந்து, விரலில் மையோடு எல்லோரும் வீடு திரும்பியிருந்த நேரம். காட்கோபர் கிழக்கில், பந்த் நகர், லக்ஷ்மி நகர் பக்கம் வானத்திலிருந்து இளஞ்சிவப்புப் பறவைகள் விழுந்தன. துபாயிலிருந்து வந்து தரையிறங்க இருந்த ஒரு விமானம், பூநாரைக் கூட்டம் ஒன்றில் மோதியிருந்தது. விமானம் பத்திரமாக இறங்கிவிட்டது. ஏறத்தாழ 40 பூநாரைகள் செத்துப்போயின.

நீங்கள் காட்கோபர்வாசியாக இருந்தால், அல்லது தினமும் மெட்ரோவுக்காக அந்த ஸ்டேஷன் கூட்டத்தில் நசுங்குகிறவராக இருந்தால், அன்றைக்கு உங்களுக்கும் இந்தக் கேள்வி வந்திருக்கும்: காட்கோபரில் பூநாரைக்கு என்ன வேலை?

வேலை இருக்கிறது. காமராஜ் நகர் பக்கம் ஈஸ்டர்ன் எக்ஸ்பிரஸ் ஹைவேயைத் தாண்டிப் பாருங்க. உப்பளம், அலையாத்திக் காடு, அதுக்கும் அப்பால் தானே க்ரீக். கடல் நிலத்துக்குள் நீண்டு நுழைந்திருக்கிற கழி அது. குளிர்காலம் தொடங்கும்போது வரும் பூநாரைகள் மே, ஜூன் வரைக்கும் அங்கேதான் இரை தேடும். மும்பைக்கு அவை பெருங்கூட்டமாக வர ஆரம்பித்தது 1990-களில். 2015-ல் அந்தக் கழி பூநாரைச் சரணாலயம் ஆனது. 2022-ல் சர்வதேச முக்கியத்துவம் உள்ள ராம்சர் ஈரநிலமாகவும் அறிவிக்கப்பட்டது. ஒரு வேடிக்கை என்னன்னா, சிறு பூநாரைகளின் சாப்பாடு பாசி. அந்தப் பாசி செழிக்க ஒரு காரணம், காட்கோபர், பாண்டுப் கழிவுநீர் நிலையங்கள் வழியாக வந்து சேரும் நம்ம வீட்டுத் தண்ணீர்.

சரி, எத்தனை பூநாரை வருது, எந்த மாசம் வருது, கூடுதா குறையுதா என்பதெல்லாம் எப்படித் தெரியும்? யாரோ சேற்றோரம் நின்று எண்ணியிருக்கிறார்கள். அவர்களில் கணிசமானவர்கள் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். வார நாளில் ஐடி கம்பெனி, வங்கி, கல்லூரி. ஞாயிற்றுக்கிழமை காலையில் பைனாகுலர். இந்தியாவில் இந்தப் பழக்கம் சாதாரண மனிதர்களிடம் வந்து சேர்ந்ததில் ஒருவருக்குப் பெரும் பங்கு உண்டு. அவரும் மும்பைக்காரர்தான். பெயர் சலீம் அலி.

சுட்ட குருவியில் தொடங்கியது

1896 நவம்பர் 12-ம் தேதி பம்பாயில் பிறந்தார் சலீம். குடும்பத்தில் கடைசிப் பிள்ளை. ஒரு வயதில் அப்பா போனார், மூன்று வயதில் அம்மா போனார். வளர்த்தது தாய்மாமா அமீருத்தீன் தயாப்ஜியும் அத்தை ஹமீதாவும். கேத்வாடியில் இருந்த அந்த வீட்டில் வேட்டை ஒரு பொழுதுபோக்கு. சிறுவனுக்குக் கிடைத்த பொம்மை, ஓர் ஏர்கன்.

விடுமுறைக்குக் குடும்பம் போன இடம் எது தெரியுமா? செம்பூர். இன்றைக்கு நீங்கள் ஃபில்டர் காபிக்கும் இட்லி மாவுக்கும் போகிற அதே செம்பூர்தான். அப்போது அது மரங்கள் அடர்ந்த குன்றுப் பகுதி. விடியற்காலையில் அங்கே குண்டுகரிச்சான் பாடியதைக் கேட்ட நினைவை முதுமையில் எழுதிய சுயசரிதையிலும் அவர் பதிவு செய்திருக்கிறார்.

பத்து வயது வாக்கில் ஒருநாள் ஒரு சிட்டுக்குருவியைச் சுட்டார். எடுத்துப் பார்த்தால் தொண்டையில் மஞ்சள் திட்டு. வழக்கமான குருவியாகத் தெரியவில்லை. இதைச் சாப்பிடலாமா கூடாதா என்று மாமாவிடம் கொண்டுபோனார். மாமாவுக்கும் தெரியவில்லை. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் செயலாளர் மில்லார்டுக்கு ஓர் அறிமுகக் கடிதம் எழுதிக் கொடுத்து அனுப்பினார்.

1883-ல் தொடங்கிய கழகம் அது. சுருக்கமாக பிஎன்ஹெச்எஸ். அந்தக் காலத்தில் வெள்ளைக்காரத் துரைமார் புழங்கிய இடம். செத்த குருவியைக் கையில் வைத்துக்கொண்டு உள்ளே போன பையனை மில்லார்டு விரட்டவில்லை. அது மஞ்சள் தொண்டைச் சிட்டு என்று சொன்னார். பாடம்செய்து வைத்திருந்த பறவைகளை அலமாரி அலமாரியாகத் திறந்து காட்டினார், படிக்கப் புத்தகமும் கொடுத்தார். ஒரு நிறுவனத்தின் வாசலில் தெரியாத ஆள் வந்து நிற்கும்போது உள்ளே கூப்பிடுவதா வேண்டாமா என்பதை அங்கே இருக்கிற ஒருவர்தான் முடிவு செய்கிறார். அன்றைக்கு மில்லார்டு வேறு மாதிரி முடிவு செய்திருந்தால், நான் இந்தக் கட்டுரையை எழுத வேண்டிய அவசியமே வந்திருக்காது.

டிகிரி இல்லை, வேலை இல்லை

இங்கேதான் உங்களுக்குக் கொஞ்சம் பழக்கமான கதை வருது.

பள்ளிப் படிப்பில் சலீம் சுமார். அடிக்கடி தலைவலி, பாதியில் சிந்து மாகாணத்துக்கு மாற்றம், ஒருவழியாக மெட்ரிக் தேர்ச்சி. கல்லூரி முதல் வருஷத்தோடு நின்றது. குடும்பத் தொழிலைப் பார்க்க பர்மாவின் தவாய்க்குப் போனார். டங்ஸ்டன் சுரங்கமும் மர வியாபாரமும். சுற்றிலும் காடு. வியாபாரத்தைவிடக் காட்டில்தான் அதிக நேரம் போனது என்பதைச் சொல்லவும் வேணுமா? 1917-ல் பம்பாய் திரும்பினார். வணிகச் சட்டம், கணக்கியல் வகுப்பில் சேர்ந்தார். பக்கத்திலேயே செயின்ட் சேவியர் கல்லூரியில் விலங்கியலும் படித்தார். 1918-ல் தெஹ்மினாவுடன் கல்யாணம்.

இந்திய விலங்கியல் ஆய்வகத்தில் பறவையியலாளர் பணி ஒன்று இருந்தது. முறையான பல்கலைக்கழகப் பட்டம் இல்லாததால் அவருக்குக் கிடைக்கவில்லை. 1926-ல் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் மியூசியத்தில் வழிகாட்டி விரிவுரையாளர் வேலை, சம்பளம் 350 ரூபாய். இரண்டு வருஷத்தில் அலுத்துவிட்டது. படிப்பு விடுப்பு எடுத்துக்கொண்டு பெர்லின் போய், எர்வின் ஸ்ட்ரெஸ்மான் என்ற பறவையியலாளரிடம் பயிற்சி பெற்றார். வட கடலில் இருக்கிற ஹெலிகோலாந்து தீவில் பறவைகளின் காலில் வளையமிடக் கற்றுக்கொண்டார். 1930-ல் திரும்பி வந்தால், மியூசியத்தில் அந்தப் பதவியே இல்லை. பணமில்லை என்று நீக்கிவிட்டார்கள். வெளிநாட்டுப் பயிற்சி முடித்து வந்தவுடன் லே-ஆஃப்.

பம்பாயில் வாடகை கொடுத்துக் கட்டுப்படியாகாது. தெஹ்மினாவும் அவரும் துறைமுகத்துக்கு அக்கரையில், அலிபாக் பக்கத்துக் கடலோரக் கிராமமான கிஹிமுக்குப் போனார்கள். குடும்பத்துக்கு அங்கே ஒரு சின்ன வீடு இருந்தது. மழைக்காலம். வீட்டருகே தூக்கணாங்குருவிகள் கூடு கட்டிக்கொண்டிருந்தன. செய்ய வேறு வேலையும் இல்லை. சலீம் அவற்றைப் பார்க்க உட்கார்ந்தார்.

நாள்கணக்கில் பார்த்தார். எந்த ஆண், எந்தக் கூடு, எத்தனை பெட்டைகள் வந்து போயின என்று ஒவ்வொன்றையும் குறித்தார். ஆண் குருவி பாதிக் கூடுவரை கட்டி நிறுத்துகிறது. பெட்டைகள் வந்து உள்ளே புகுந்து சோதிக்கின்றன. ஒரு பெட்டை ஏற்றுக்கொண்டால்தான் மீதியைக் கட்டி முடிக்கிறது. அவள் முட்டையிட்டு அடைகாக்க உட்கார்ந்ததும், ஆண் அடுத்த கூட்டைத் தொடங்குகிறது, அடுத்த பெட்டைக்காக. ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு குருவியின் குடும்ப வாழ்க்கை இப்படி என்பது அதுவரை சரியாகப் பதிவாகவில்லை. கிஹிம் கட்டுரைதான் அவரைப் பறவை உலகத்துக்கு அடையாளம் காட்டியது.

வேலை தேடுவதை விட்டுவிட்டு, சமஸ்தானங்களுக்கு ஒரு யோசனை சொன்னார்: முகாம் செலவை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள், உங்கள் பகுதியில் என்னென்ன பறவை இருக்கிறது என்று நான் கணக்கெடுத்துத் தருகிறேன், எனக்குச் சம்பளம் வேண்டாம். ஹைதராபாத் ஒப்புக்கொண்டது. 1933-ல் திருவிதாங்கூர், கொச்சி. அப்படியே நாடு முழுக்கப் பல சமஸ்தானங்கள். மாட்டுவண்டி, கூடாரம், கூடவே தெஹ்மினா. குறிப்புகளைத் திருத்தி நல்ல ஆங்கிலமாக்கியதில் தெஹ்மினாவின் கையும் உண்டு. 1939-ல் ஒரு சிறிய அறுவைச் சிகிச்சைக்குப் பின் அவர் இறந்தார். சலீம் மறுமணம் செய்துகொள்ளவில்லை. பாந்த்ராவில் பாலி ஹில்லில், அக்கா வீட்டோடு போய்ச் சேர்ந்தார்.

ஒன்றை மறைக்காமல் சொல்லணும். இந்தப் பயணங்களில் அவர் ஏராளமான பறவைகளைச் சுட்டார். அன்றைய முறை அதுதான். மியூசியத்தில் மாதிரி இல்லாமல் ஒரு பறவையின் இருப்பை யாரும் ஏற்கமாட்டார்கள். இன்று ஒரு மொபைல் படம் போதும். அதை வைத்து அவரைக் கொலைகாரர் என்பதும் சரியில்லை, அந்தப் பக்கத்தைச் சொல்லாமல் தாண்டுவதும் சரியில்லை.

ஐந்து லட்சத்தை எப்படி எண்ணுவது?

1945, கட்ச் பாலைவனம். கட்ச் மன்னரின் ஆதரவில் அங்கே பறவைக் கணக்கெடுப்பு. பெரிய ரண் எனப்படும் உப்புச் சேற்றுவெளியின் நடுவே பூநாரைகள் கூடு கட்டும் ஓர் இடம் உண்டு. பூநாரை நகரம் என்றே அதற்குப் பெயர். சேற்றைக் குவித்து மேடாக்கி, உச்சியில் ஒரு குழி வைத்து அதில் முட்டையிடும். கண்ணுக்கெட்டிய தூரம் வரை மேடுகள்.

இதில் எத்தனை பறவை என்று எப்படிச் சொல்வது? சும்மா பார்த்துவிட்டு லட்சக்கணக்கில் என்று எழுதியிருக்கலாம். யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். சலீம் அலி சில பகுதிகளை அளந்து, அந்த அளவுக்குள் எத்தனை கூடுகள் என்று ஒவ்வொன்றாக எண்ணினார். பிறகு மொத்தப் பரப்புக்கும் பெருக்கினார். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கூடுகள், சுமார் ஐந்து லட்சம் பறவைகள் என்று வந்தது.

இன்றைக்கும் கணக்கெடுப்புக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லித் தருவது ஏறக்குறைய இதைத்தான். கூட்டத்தில் பத்துப் பறவைகளை எண்ணுங்க. பத்து என்றால் கண்ணுக்கு எவ்வளவு இடம் அடைக்குது என்று மனசில் வாங்கிக்கோங்க. அதே அளவு மொத்தக் கூட்டத்தில் எத்தனை முறை அடங்குது என்று பாருங்க. சரியான எண்ணிலிருந்து கொஞ்சம் தப்பும். பரவாயில்லை. பலர், பல இடத்தில், பல வருஷம் ஒரே முறையில் எண்ணும்போது, ஏறுதா இறங்குதா என்பது தெரிந்துவிடும்.

இந்த நகரத்துக்கும் மும்பைக்கும் தொடர்பு உண்டு. 2022-ல் பிஎன்ஹெச்எஸ் ஆய்வாளர்கள் மும்பைப் பக்கம் 6 பூநாரைகளுக்குச் செயற்கைக்கோள் கருவி பொருத்தினார்கள். பருவமழை தொடங்கியதும் அவை குஜராத் பக்கம் பறந்தன. அந்த ஆறில் ஒன்றுக்கு வைத்த பெயர் சலீம்.

நோட்டுப் புத்தகம் எல்லோர் கைக்கும்

1941-ல் வெளியான அவரது இந்தியப் பறவைகள் புத்தகம்தான் பெரிய மாற்றம் என்று நான் நினைக்கிறேன். அதற்கு முன்பு பறவை நூல்கள் கனமானவை, விலை அதிகம், துரைமாருக்காக எழுதியவை. இது வண்ணப் படங்களோடு, மைனா அளவு, காக்கை அளவு என்று ஒப்பிட்டுச் சொன்னது. ஒரு பள்ளி ஆசிரியரோ குமாஸ்தாவோ ஞாயிற்றுக்கிழமை எடுத்துப்போய்ப் பறவையை அடையாளம் காண முடிந்தது. பிறகு அமெரிக்கரான டில்லன் ரிப்ளியோடு சேர்ந்து எழுதிய பத்துத் தொகுதிக் கையேடு 1968 முதல் 1974 வரை வந்தது. அது அறிஞர்களுக்கு. முதல் புத்தகம் நமக்கு.

சுதந்திரத்துக்குப் பிறகு துரைமார் கிளம்பினதும் பிஎன்ஹெச்எஸ் பணமில்லாமல் தள்ளாடியது. நேருவுக்கு எழுதி உதவி பெற்றுக் கழகத்தைக் காப்பாற்றினார். பின்னாளில் கெட்டி பரிசாகக் கிடைத்த 50,000 டாலரையும் கழகத்துக்கே கொடுத்தார். தனக்கென்று அவர் ஆசைப்பட்டது மோட்டார் சைக்கிள்தான். 1950-ல் சுவீடனில் நடந்த பறவையியல் மாநாட்டுக்குத் தன் சன்பீம் பைக்கைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போய், ஐரோப்பாவில் ஓட்டினார். அப்போது வயது 53!

தமிழ்நாட்டுக்கும் அவர் வேலை வந்து சேர்ந்தது. 1957-ல் கர்நாடகத்தின் ஷிமோகா பக்கம் குரங்குக் காய்ச்சல் பரவியபோது, அதன் வைரஸ் வலசைப் பறவைகள் வழியாக வந்திருக்குமோ என்ற சந்தேகம் எழுந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் உதவியோடு பிஎன்ஹெச்எஸ் பெரிய அளவில் பறவைகளுக்கு வளையமிடத் தொடங்கியது. கோடியக்கரை அதில் முக்கியமான இடமானது. வேதாரண்யம் பக்கத்து ஆட்களுக்கு, பறவையைப் பிடித்து வளையம் மாட்டிப் பறக்கவிடும் முகாம்கள் இன்றும் பழகிய காட்சி. கோவை ஆனைக்கட்டியில் 1990-ல் தொடங்கிய பறவையியல் மையம் அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது.

கணக்கு அவரையே திருத்தியது

சலீம் அலியைச் சாமியாக்கி வைப்பது நம்ம ஊரில் சுலபம். பரத்பூரை நினைத்தால் அது கொஞ்சம் கஷ்டம்.

ராஜஸ்தானின் பரத்பூர் ஏரி, மன்னர்களின் வாத்து வேட்டைக் களமாக இருந்தது. அதைப் பறவைகளுக்காகக் காப்பாற்றியதில் சலீம் அலிக்குப் பெரிய பங்கு. தேசியப் பூங்கா ஆனபோது, உள்ளே எருமை மேய்ச்சல் கூடாது என்ற நிலைப்பாட்டை அவரும் ஆதரித்தார். 1982-ல் தடை வந்தது. சுற்றுக் கிராமத்தார் எதிர்த்தார்கள். போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின.

அதே காலத்தில் பிஎன்ஹெச்எஸ்ஸின் நீண்டகால ஆய்வும் அங்கே நடந்துகொண்டிருந்தது. விஜயன் என்ற அறிவியலாளர் தலைமையில் வருஷா வருஷம் பறவைகளையும் செடிகளையும் எண்ணினார்கள். எருமை போனதும் ஒருவகைப் புல் தண்ணீரை மூடிக்கொண்டு வளர்ந்தது. வாத்துகளுக்குத் திறந்த நீர் குறைந்தது. பறவைகளுக்காகப் போட்ட தடை பறவைகளையே பாதித்தது என்று எண்ணிக்கை காட்டியது. அவர் வளர்த்த கழகமே, அவர் ஆதரித்த முடிவு தவறு என்று எழுதியது. எண்ணாமல் இருந்திருந்தால், எல்லோரும் தடையை ஒரு வெற்றி என்றே இன்றும் சொல்லிக்கொண்டிருப்பார்கள். செத்துப்போன கிராமத்தார் பக்கம் கொஞ்சம் நியாயம் இருந்தது என்பதும் வெளியே வந்திருக்காது.

அதே ஏரியில் 1960-களில் 200 அளவில் வந்த சைபீரியக் கொக்குகள் 2002-க்குப் பிறகு வரவே இல்லை. அதையும் எண்ணிக்கைதான் சொல்கிறது.

1985-ல் மாநிலங்களவைக்கு நியமனம், அதே வருஷம் சுயசரிதை. 1987 ஜூன் 20-ம் தேதி, தொண்ணூறு வயதில், பம்பாயில் சலீம் அலி இறந்தார். அந்த வருஷம் ஜனவரியில்தான் இந்தியத் துணைக்கண்டத்தில் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு முதல்முறையாக நடந்தது.

உங்களுக்கு இதில் என்ன வேலை?

குளிர்காலக் கணக்கெடுப்பு உலகத்தில் தொடங்கிய விதம் சுவாரசியம். அமெரிக்காவில் கிறிஸ்துமஸ் அன்று யார் அதிகப் பறவை சுடுவது என்று போட்டி வைப்பார்கள். 1900-ல் ஃபிராங்க் சாப்மன் என்பவர், சுடாமல் எண்ணுவோம் என்றார். 27 பேர் வந்தார்கள். துப்பாக்கியில் தொடங்கி நோட்டுப் புத்தகத்துக்கு வந்த சலீம் அலியின் பாதையும் இதுதானே.

நம்ம பக்கம் குளிர்காலம் பொருத்தமானது, ஏன்னா வடக்கிலிருந்து வந்த விருந்தாளிகள் ஜனவரியில் ஓரிடத்தில் தங்கியிருக்கும். ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு ஜனவரியில். 2015 முதல் தமிழ்நாட்டில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு; ஊருக்குப் போகிறவர்கள் அங்கிருந்தே செய்யலாம். சலீம் அலி பிறந்த நாளையொட்டி நவம்பரில் ஒன்று. நாட்டிலுள்ள 30,000-க்கும் மேற்பட்ட பறவை ஆர்வலர்கள் கொடுத்த 3 கோடிப் பதிவுகளை வைத்துத்தான் 2023-ல் இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை 942 இனங்களைப் பற்றிப் பேச முடிந்தது.

செய்ய வேண்டியது பெரிசா ஒண்ணும் இல்லை. குறைந்தது 15 நிமிஷம் ஓரிடத்தில் நில்லுங்க. பார்த்த, கேட்ட எல்லாப் பறவையையும் எண்ணிக்கையோடு எழுதுங்க. இ-பேர்ட் ஆப்பில் ஏற்றுங்க. காக்கையையும் புறாவையும் விடாதீங்க. அபூர்வப் பறவையை மட்டும் எழுதினால் அந்தப் பட்டியல் கணக்குக்கு உதவாது. தெரியாத பறவையை ஊகித்து எழுதாதீங்க. முக்கியமா, ஒரு பறவையும் இல்லாத நாளிலும் பதிவு செய்யுங்க. நாளைக்கு ஒரு ஈரநிலத்தை மூடிச் சாலை போடவோ கட்டடம் எழுப்பவோ திட்டம் வரும்போது, இங்கே எப்போதுமே பறவை இருந்ததில்லை என்று சொல்வார்கள். அப்போது தேதியும் நேரமும் போட்ட பட்டியல் கையில் இருக்கணும்.

காட்கோபரிலிருந்து கிளம்பினால் பாண்டுப் பம்பிங் ஸ்டேஷன் சாலை பக்கம்தான். க்ரீக் வரை நடக்கலாம், வழியெல்லாம் பறவை. அக்கரையில் ஐரோலியில் வனத்துறையின் கடலோரப் பல்லுயிர் மையம் இருக்கு, படகில் போய்ப் பூநாரை பார்க்கலாம். போவதற்கு முன்னால் அலை அட்டவணையை ஒரு தடவை பாருங்க. தண்ணீர் ஏறியிருக்கும்போது பூநாரைகள் நவி மும்பை பக்கத்துக் குளங்களில் போய் ஒதுங்கியிருக்கும். இறங்க ஆரம்பித்து சேறு தெரிந்த பிறகுதான் க்ரீக்குக்குத் திரும்பும். சீக்கிரம் போய்விட்டால் காத்திருங்க. அந்த நேரத்தில் உள்ளான்களை எண்ணலாம்.